காற்றடிக்கும் ஊரில் சிம்பொனி கேட்பது எப்படி

கைப்பேசியில் ஒரு சிம்பொனியைப் போட்டால் முதலில் ஒன்றுமே கேட்காது. வால்யூமைக் கூட்டுவோம். இரண்டு நிமிடத்தில் காதைப் பிளக்கும், குறைப்போம். மறுபடி ஒன்றும் கேட்காது. நாலைந்து தடவை இப்படி ஆனதும் ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். இசையின் மேலும் பிழையில்லை, கேட்பவர் மேலும் பிழையில்லை. சினிமாப் பாட்டை ஒலிப்பதிவு செய்யும்போதே சன்னமான இடத்தையும் பலமான இடத்தையும் நெருக்கமாகக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பேருந்திலும் டீக்கடையிலும் கேட்க வேண்டுமே! சிம்பொனிப் பதிவில் அந்த இடைவெளியை அப்படியே விட்டுவைப்பார்கள். ஒற்றை வயலினும் எண்பது பேர் சேர்ந்து எழுப்பும் முழக்கமும் ஒரே பதிவில் இருக்கும்.

ஆகவே வேலை ஒன்றுதான்: சன்னமான இடம் தெளிவாகக் கேட்க வேண்டும். அது கேட்டால்தான் முழக்கம் வரும்போது உடம்பு சிலிர்க்கும். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் வரைக்கும் காற்றும் மின்விசிறியும் ஐஸ் கம்பெனி கம்ப்ரஸரும் முதலில் விழுங்குவது அந்தச் சன்னத்தைத்தான். பத்துப் பதினைந்து பேர் ஒரு வீட்டுக் கூடத்திலோ நூலக அறையிலோ கூடிக் கேட்பதற்கான வழிமுறை இது.

அறை, காற்று, நேரம்

மொட்டை மாடி வேண்டாம். சுவர் இல்லாத இடத்தில் செல்லோ, டபுள் பேஸ் என்ற அடிக்குரல் தந்தி வாத்தியங்கள் கரைந்துபோகும், மிச்சத்தைக் காற்று கொண்டுபோய்விடும். கீற்றுக் கொட்டகையில் எதிரொலி குறைவு என்பதால் ஒலி அழகாக இருக்கும். ஆனால் காற்றுக் காலத்தில் ஓலை சலசலக்கும். 20 அடிக்கு 15 அடி உள்ள கான்கிரீட் கூடம் போதும். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் இருந்தால் எதிரொலி குழப்பும். அறை நடுவில் நின்று ஒரே ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு ‘ட்ர்ர்’ என்று ஒரு அதிர்வு இழுத்தால், எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றிலாவது கனமான போர்வையையோ ஜமக்காளத்தையோ தொங்கவிடுங்கள். தரையிலும் ஜமக்காளம் விரியுங்கள். மீன்வலையைத் தொங்கவிட்டுப் பயனில்லை. ஒலி கண்களின் வழியே போய்ச் சுவரில் பட்டுத் திரும்பிவிடும்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தெற்கு, மேற்கு ஜன்னல்களை மூடி வடக்கிலும் கிழக்கிலும் திறந்துவையுங்கள். வாடைக் காலத்தில் இதைத் தலைகீழாக மாற்றுங்கள். சாத்திய ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடித்தால் பழைய துணியைச் சுருட்டி அடையுங்கள். அந்த விசில் வயலினின் உயரமான சுரங்களோடு கலந்து எரிச்சலூட்டும். மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதற்குக் கைப்பேசியில் சவுண்ட் மீட்டர் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஒப்பிட உதவும். விசிறி இல்லாமல் 38, முழு வேகத்தில் 52 என்று காட்டினால், சிம்பொனியின் சன்னமான பக்கங்கள் எல்லாம் அந்த 14 டெசிபலுக்குள் புதைந்துபோகும். விசிறியை ஒன்றாம் எண்ணுக்கு இறக்குங்கள், அல்லது சன்னமான மூவ்மென்ட்டுக்கு (சிம்பொனியின் ஒரு பகுதி ஒரு மூவ்மென்ட்) மட்டும் நிறுத்துங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். ஆள் சேர்ப்பது சுலபம். ஆனால் விசிறி இல்லாமல் உட்கார முடியாத வெயில் காலம் அது. காற்று தணிந்து இரவு குளிர்ந்திருக்கும் மாசியும் பங்குனியின் தொடக்கமும் கேட்பதற்கு இன்னும் நல்லவை. மாசியில் ராமேஸ்வரத்துச் சிவராத்திரித் திருவிழா, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, ஊர் அம்மன் கோயில் முளைப்பாரி என்று எது எந்த நாளில் என்பதை விசாரித்துத் தேதி வையுங்கள். குழாய் ஸ்பீக்கர் கட்டிய தெருவில் எந்தக் கருவியாலும் ஒன்றும் செய்ய முடியாது. மாலையில் இஷா பாங்கு முடிந்து 8.15க்குத் தொடங்கினால் இடையில் நிறுத்த வேண்டியிருக்காது. ஐஸ் கம்பெனிக்கும் ஜெனரேட்டருக்கும் பக்கத்து அறையைத் தவிர்த்துவிடுங்கள். அந்த ‘உம்ம்’ டபுள் பேஸ் வாசிக்கும் அதே ஆழத்தில் இருப்பதால் அதை அடியோடு மறைத்துவிடும்.

கருவி

வாடகை மைக்செட் வேண்டாம். பேச்சுக்கென்று செய்தது அது. ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரும் போதாது. வயலின்கள் இடப்பக்கமும் செல்லோ, பேஸ் வலப்பக்கமும் உட்கார்ந்திருப்பது அதில் தெரியாது. சேனலுக்கு 50 வாட் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபர் உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள் போதும். இரண்டையும் குறுகிய சுவர்ப் பக்கம் எட்டு அடி இடைவெளியில், பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். சுவரோடு ஒட்டினால் பேஸ் குமுறும். முதல் வரிசை எட்டு அடிக்கு அப்பால். பாயில் உட்கார்ந்து கேட்பதென்றால் ட்வீட்டர் (உயர்ந்த சுரங்களுக்கான சிறிய வட்டம்) தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்க வேண்டும், நாற்காலி என்றால் மூன்றரை அடி.

ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை ஒயர். பிளஸ், மைனஸ் ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் சத்தம் வரும், ஆனால் ஆழம் போய்விடும். எந்த வாத்தியம் எங்கே இருக்கிறது என்றும் பிடிபடாது. உப்புக்காற்றில் செம்பு ஒயரின் நுனி சில வாரங்களிலேயே பச்சை பூத்துவிடுவதால், ஒவ்வொரு முறையும் நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். ஆக்ஸ் பின்னை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். சன்னமான இடத்தில் வரும் ‘கறகற’வுக்குப் பெரும்பாலும் இந்த அழுக்குதான் காரணம். கழற்றியதும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவையுங்கள்.

லேப்டாப் சார்ஜரில் இருந்தால் சில இடங்களில் ஆம்பில் இரைச்சல் ஏறும். முழுக்கச் சார்ஜ் செய்து பேட்டரியில் ஓட்டுங்கள். கரண்ட் போனால் கைகொடுக்க இன்வெர்ட்டர் வைப்பதென்றால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப் உறுமும்.

இசையை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். மூவ்மென்ட் நடுவே விளம்பரம் வந்தால் அந்த மாலையே போயிற்று. முறையாக வாங்கியோ, பொதுவுடைமையாக வெளியிடப்பட்ட பதிவுகளிலிருந்து இறக்கியோ கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 45 நிமிடச் சிம்பொனிக்கு 110 எம்பி இடம் பிடிக்கும். பிளேயரில் ஷஃபிளை அணையுங்கள், கிராஸ்ஃபேடை அணையுங்கள், இடைவெளியில்லா ஓட்டத்தை இயக்குங்கள். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியும் பேஸ் பூஸ்ட்டும் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். டிவி சவுண்ட்பாரில் கேட்டால் அதன் இரவு மோடையும் அணையுங்கள். இவையெல்லாம் சன்னத்தை உயர்த்தி முழக்கத்தைத் தாழ்த்துபவை. நாம் எதற்காகக் கூடினோமோ அதையே அழித்துவிடும்.

வால்யூமை வைக்கும் முறை

பலரும் தவறுவது இங்கேதான். இசை சன்னமாகத் தொடங்கியதும் அதற்கேற்ப வால்யூமை வைக்கிறார்கள். மாறாக, ஆட்கள் வருமுன் அன்றைய சிம்பொனியின் ஆகப் பலமான இடத்தை ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும், ஆனால் காது நோகாது என்ற அளவில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் குமிழின்மேல் டேப் ஒட்டி அடையாளம் வைத்தபின் அதைத் தொடாதீர்கள். இந்த அளவில் சன்னமான இடம் கேட்கவில்லையென்றால் திருத்த வேண்டியது அறையை: விசிறி, ஜன்னல், ஃபிரிட்ஜ்.

முதல் மாலைக்கு ஹைடன்

ஜோசஃப் ஹைடன் (1732–1809) நூற்றுக்கு மேற்பட்ட சிம்பொனிகள் எழுதியவர். 94ஆம் சிம்பொனி 1792இல் லண்டனில் அரங்கேறியது. அதன் இரண்டாவது மூவ்மென்ட்டை மட்டும் முதலில் போடுங்கள். குழந்தைகூடப் பாடிவிடக்கூடிய எளிய மெட்டு, எட்டு சட்டம் (சட்டம் என்பது தாளத்தின் ஒரு சுற்று), மெல்ல வரும். அதே எட்டு இன்னும் மெல்லத் திரும்பும். அரை நிமிடத்தைத் தாண்டியதும் டிம்பனி என்ற பெரிய முரசோடு முழு வாத்தியக்குழுவும் ஒரே ஒரு அடி. முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள். கூட்டம் திடுக்கிட்டால் உங்கள் அறை சரியாக இருக்கிறது. யாரும் அசையவில்லையென்றால் இன்னும் வேலை பாக்கி. அதற்குப் பிறகு அதே மெட்டு நான்கு விதமாக மாறி வரும். ஒரே வரியைச் சங்கதி சங்கதியாகக் கேட்டுப் பழகிய காதுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அடுத்து 45ஆவது, 1772. ஹைடனை வேலைக்கு வைத்திருந்த எஸ்டர்ஹாசி இளவரசர் கோடை மாளிகையிலேயே தங்கிவிட, குடும்பத்தைப் பிரிந்த வாத்தியக்காரர்கள் வீடு திரும்ப ஏங்கினார்கள். கடைசி மூவ்மென்ட்டின் பிற்பகுதியில் ஒவ்வொருவராகத் தன் பங்கை முடித்து எழுந்து போகும்படி ஹைடன் எழுதினார். கடைசியில் மிஞ்சுவது இரண்டு வயலின்கள். வளைகுடாவிலும் மலேசியாவிலும் ஆள் இருக்கும் வீடுகள் நிறைந்த கரையில் இதன் பொருளை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எந்த வாத்தியம் எப்போது விடைபெறுகிறது என்று ஒருவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வரட்டும்.

ஸட்ஜம் நகரும்: சுருதிப்பெட்டிப் பயிற்சி

கச்சேரியில் தம்புரா போட்டுவிட்டால் ஸட்ஜம் கடைசிவரை அசையாது. சிம்பொனியில் அது வீட்டைவிட்டுக் கிளம்பி ஊர் சுற்றித் திரும்பும். நம் காது முதலில் தடுமாறுவது இங்கேதான், பிடிபட்டால் மிகுந்த இன்பமும் இங்கேதான். மோட்ஸார்ட் (1756–1791) 1788 கோடையில் அடுத்தடுத்து முடித்த மூன்று சிம்பொனிகளில் நடுவிலிருக்கும் 40ஆவதன் முதல் மூவ்மென்ட் இதற்குத் தோதானது. ஜி மைனர், அதாவது ஸட்ஜம் 5 கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரம்).

சுருதிப்பெட்டிச் செயலியை 5 கட்டையில் மெல்ல ஓடவிட்டு இசையைத் தொடங்குங்கள். முதல் மெட்டு ஓரளவு ஒட்டி நிற்கும். ஏறக்குறைய 50ஆவது நொடியில் ஒரு சிறு மௌனம். பிறகு இரண்டாவது மெட்டு. சுருதி உறுத்தத் தொடங்கும். ஆறரைக் கட்டைக்கு மாற்றுங்கள், வரி முடியும் இடங்களில் பொருந்தும். இந்தத் தொடக்கப் பகுதி முழுதும் பெரும்பாலான பதிவுகளில் இன்னொரு முறை வரும். பிளேயர் பழுதாகித் திரும்ப ஓடுகிறதோ என்று பயப்பட வேண்டாம். ஒரு பதிவு மற்றதைவிட இரண்டு நிமிடம் நீளமாக இருப்பதற்கும் இதுவே காரணம். அதன்பின் இசை சட்டென்று நாலரைக் கட்டைக்குச் சறுக்கி அலையும். அங்கே சுருதியை நிறுத்திவிடுங்கள். முதல் மெட்டு திரும்பியதும் மறுபடி 5 கட்டை. இப்போது இரண்டாவது மெட்டுக்காகக் காத்திருங்கள். முன்பு ஆறரையில் மலர்ச்சியாக வந்த அதே மெட்டு, இந்த முறை 5 கட்டையிலேயே, மைனரில், துயரமாக வரும். சுருதியை மாற்றத் தேவையில்லை. இதை ஒருமுறை காதாலேயே கண்டுகொண்டவர் மற்றச் சிம்பொனிகளில் யார் உதவியுமின்றி வழி கண்டுபிடிப்பார்.

ஓர் எச்சரிக்கை: பழைய கால வாத்தியங்களில் வாசித்த பதிவுகள் சுருதி தாழ்ந்திருக்கும், 5 கட்டையோடு சேராது. இந்தப் பயிற்சிக்கு இன்றைய வாத்தியக்குழுவின் பதிவையே எடுங்கள்.

பீத்தோவன்

ஐந்தாவது சிம்பொனியின் முதல் நான்கு சுரம் எல்லோருக்கும் தெரியும். கேட்க வேண்டிய இடம் அதுவல்ல. மூன்றாவது மூவ்மென்ட்டின் கடைசியில் எல்லாம் அடங்கி, தந்தி வாத்தியங்கள் சுரத்தை மூச்சுப்போலப் பிடித்திருக்க, டிம்பனி மட்டும் தொலைவில் தட்டிக்கொண்டிருக்கும். அந்த இருட்டிலிருந்து வளர்ந்து வளர்ந்து, நிற்காமல் நான்காவது மூவ்மென்ட் வெடிக்கும். முதல் மூன்று மூவ்மென்ட்டிலும் வாய் திறக்காத மூன்று டிராம்போன், பிக்கலோ, கான்ட்ராபஸூன் என்ற ஊதுவாத்தியங்கள் எல்லாம் அந்த நொடியில்தான் சேருகின்றன. ஸட்ஜம் அதே 1 கட்டைதான். சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிறது. காந்தாரம் ஒன்று மாறியதில் இருள் ஒளியாகிறது. பிளேயர் இங்கே இரண்டு நொடி இடைவெளி விட்டாலோ, டிம்பனியை விசிறி விழுங்கினாலோ, மிஞ்சுவது வெறும் சத்தம். வால்யூம் அடையாளத்தையும் இந்த வெடிப்பை வைத்தே வையுங்கள்.

1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே நிகழ்ச்சியில் அரங்கேறின. நான்கு மணி நேரம், குளிர். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், தனித்தனி மாலை ஒதுக்குங்கள். ஆறாவதில் நான்காவது மூவ்மென்ட் புயல். அதுவரை பேசாத டிம்பனி அங்கே மட்டுமே இடிக்கும். செல்லோ ஐந்து ஐந்தாகவும் டபுள் பேஸ் நான்கு நான்காகவும் ஓடுவதால் சுரம் தெளியாமல் அடியில் ஒரு குமுறல் எழும். சின்ன ஸ்பீக்கரில் இந்தக் குமுறல் இருக்கவே இருக்காது. கடலில் இடி உருண்டு வருவதைக் கேட்டவர்கள் இதில் எவ்வளவு மெய் என்று தாங்களே சொல்வார்கள்.

ரொமான்டிக் காலம்: வரிசை மாற்றுங்கள்

இங்கிருந்து ஆண்டு வரிசையை விட்டுவிடுவது நல்லது. நேராகத் த்வோர்ஷாக்கின் ஒன்பதாவதுக்குப் போங்கள்; 1893 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அரங்கேறியது. இரண்டாவது மூவ்மென்ட்டில் பித்தளை வாத்தியங்களின் சில கோர்வைகளுக்குப் பிறகு இங்கிலீஷ் ஹார்ன் (ஓபோ வகை மரக்குழல்) தனியாக வரும். ஒன்றரைக் கட்டை சுருதி வைத்துப் பாடிப் பாருங்கள்: க ப ப, க ரி ஸ, ரி க ப க ரி. மோகனத்தின் சுரங்கள். முழுச் சிம்பொனியிலும் தாளத்தட்டு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும், கடைசி மூவ்மென்ட்டில், அதுவும் மெல்ல. அதைப் பிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் விட்டால் நாற்பது நிமிடமும் கவனமாக இருப்பார்கள்.

ஷூபர்ட்டின் ‘முடிவுறாத’ சிம்பொனி 1822இல் எழுதப்பட்டு, அவர் இறந்து 37 ஆண்டுகள் கழிந்து 1865இல்தான் அரங்கேறியது. இரண்டே மூவ்மென்ட் என்பதால் நேரம் குறைவான மாலைக்கு ஏற்றது. செல்லோவும் பேஸும் மட்டும் அடித்தொண்டையில் தொடங்கும். காற்றுள்ள நாளில் வேண்டாம்.

பெர்லியோஸின் ‘ஃபன்டாஸ்டிக்’ (1830) ஐந்து மூவ்மென்ட்டிலும் ஒரே மெட்டு உருமாறி வரும். புதியவர்களுக்கு நான்காவதிலிருந்து தொடங்குங்கள். மூன்றாவது நீளம், அதன் தொடக்கத்தில் இங்கிலீஷ் ஹார்ன் அழைக்க மேடைக்கு வெளியிலிருந்து ஓபோ பதில் தரும். முடிவில் இங்கிலீஷ் ஹார்ன் மறுபடி அழைக்கும்போது பதில் வராது, நான்கு டிம்பனிகளின் இடி மட்டும்.

பிராம்ஸின் நான்காவது (1885) தாளம் போடத் தெரிந்தவர்களுக்கான விருந்து. கடைசி மூவ்மென்ட் எட்டு சுரங்களின்மேல் கட்டியது, 3 கட்டை: ஸ, ரி, க, சுத்த ம, பிரதி ம, ப, ப, ஸ. சட்டத்துக்கு ஒன்று. சட்டத்துக்கு மூன்று எண்ணிக்கை, ஆக 24 எண்ணிக்கை ஓர் ஆவர்த்தனம். இதன்மேல் 30 மாறுபாடுகள். தாளம் தப்புவது 12ஆவதில். புல்லாங்குழல் தனியாகப் பாடும் அங்கே சட்டம் இரு மடங்கு நீளம். 16ஆவதில் பழைய நடை திரும்பும். டிராம்போன்கள் இங்கேயும் இந்த மூவ்மென்ட்டுக்காகவே காத்திருக்கின்றன.

சாய்கோவ்ஸ்கியின் ஆறாவதை (1893) முன்னேற்பாடில்லாமல் போடாதீர்கள். முதல் மூவ்மென்ட்டின் நடுவில் இசை தேய்ந்து தேய்ந்து ஒரு பஸூனுக்கு வந்து நிற்கும். அந்த இடத்துக்கு அவர் ஆறு ‘பி’ போட்டிருக்கிறார், மெல்ல என்பதை ஆறு தடவை சொன்னதுபோல. அடுத்த நொடி மொத்தக் குழுவும் பாயும். யாராவது வால்யூமைக் கூட்டியிருந்தால் ட்வீட்டர் போகலாம். இரண்டாவது மூவ்மென்ட் ஐந்து எண்ணிக்கை, இரண்டும் மூன்றும்: தக தகிட என்று கண்ட சாபுவைத் தொடையில் போட்டுக்கொண்டே கேட்கலாம். மூன்றாவது மூவ்மென்ட் வெற்றி முழக்கத்தோடு முடியும், எல்லோரும் கை தட்டி எழுந்துவிடுவார்கள். இன்னும் ஒன்று பாக்கி. மெதுவான, கண்ணீர் நிறைந்த அந்தக் கடைசி மூவ்மென்ட்டுக்காகவே இந்தச் சிம்பொனி இருக்கிறது. நடத்துபவர் மூன்றாவது முடியும்போது கையை உயர்த்திக் காட்ட வேண்டும். டீயும் சுண்டலும் தொடங்குமுன்னோ எல்லாம் முடிந்தோதான். மூவ்மென்ட்டுகளுக்கு இடையில் கூடாது.

பீத்தோவனின் ஒன்பதாவதைக் (1824) கடைசியாக வையுங்கள். 65 முதல் 70 நிமிடம். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் நான்கு குரலில் பாடிப் பழகிய பாடகர் குழுவினர் இருந்தால் அவர்களையும் அழையுங்கள். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று தங்கள் குரலைப் பின்தொடர்வார்கள். ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இசைக்குறிப்பு இலவசமாகக் கிடைக்கும். நான்காவது மூவ்மென்ட்டை மட்டும் அச்சிட்டால் போதும். அந்த மூவ்மென்ட் தொடங்கி மூன்று நிமிடம்போல ஆனபின் புகழ்பெற்ற மெட்டு முதன்முதலாக வரும், செல்லோவும் பேஸும் மட்டும், துணையேதுமின்றி, மிக மெல்ல. குமிழ் அருகே உட்கார்ந்திருப்பவரிடம் இந்த இடத்தை முன்கூட்டியே சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள்.